ஆடி மாதத் தவணையும் ஹோம்ஸ்டே வருமானமும்

மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டால் மூணாறு, குமுளி, நெல்லியாம்பதி ஆகிய ஊர்களில் அறை கிடைப்பது அரிதாகிவிடுகிறது. அவ்வேளையில் பக்கத்து வீட்டார் தம் மாடியறை இரண்டை விருந்தினருக்கு விட்டு நல்ல வருவாய் ஈட்டுவதைக் காணும் ஒருவர், தாமும் அவ்வாறு செய்யலாமே என்று எண்ணுவது இயல்பு. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் நம் வாடிக்கையாளர் பலருக்கு இவ்வெண்ணம் உண்டு. அவர்கள் கிளைக்கு வந்து முதலில் கேட்பது, எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதே. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆடி மாதத்துத் தவணையை எதைக் கொண்டு கட்டுவது? இக்கட்டுரையில் நாம் அக்கேள்வியையே ஆராய்கிறோம்.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒருவர் மூன்று அறைகளைச் சீரமைக்க 10 லட்சம் ரூபாய் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு, காலம் ஏழு ஆண்டுகள் என்றால், மாதத் தவணை ஏறத்தாழ 16,600 ரூபாய் ஆகும். ஓர் அறைக்கு நாள் வாடகை 2,000 ரூபாய். மார்கழியில் மூன்று அறைகளும் இருபது நாட்கள் நிரம்பினால் வருவாய் 1,20,000 ரூபாய். உணவு, சலவை, மின்சாரம், ஆள் கூலி ஆகியவற்றுக்குப் பாதி போனாலும் 60,000 மிஞ்சும். தவணை ஒரு சுமையாகவே தோன்றாது.

அதே வீட்டில் ஆடி மாதம் முழுவதும் சேர்த்து அறைகள் ஆறு இரவுகளுக்கு மட்டுமே போயின எனில், வருவாய் 12,000 ரூபாய்; செலவு போக மிஞ்சுவது 6,000. தவணைக்கு 10,600 ரூபாய் குறைகிறது. மழைக்காலம் மூன்று மாதம் இவ்வாறே நீடித்தால் குறைவு 31,800 ரூபாயாகும். மார்கழி வருவாயைக் கண்டு கடன் அளவைத் தீர்மானித்தவர் இடர்ப்படுவது இங்குதான்.

2018 தந்த பாடம்

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, 2006க்குப் பின் 2018இல் மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவில் பூக்கவிருந்தது. அவ்வாண்டு விருந்தினர் பெருந்திரளாக வருவர் என்று மலையகம் முழுவதும் எதிர்பார்ப்பு நிலவியது. ஆனால் ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. மூணாற்றிலிருந்து பூங்காவுக்குச் செல்லும் வழியில் பெரியவரைப் பாலம் இடிந்தது. மலை பூத்தது, காண வருவோர்க்கு வழி இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணைகளை ஒத்திவைக்க இந்திய ரிசர்வ் வங்கி இடமளித்தது. எனினும் அக்காலத்திற்குரிய வட்டி நிலுவைத் தொகையில் சேர்ந்தது. ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி ஆகாது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தனர். ஆகவே ஆறு மாதத் தவணைக்குச் சமமான தொகையை, மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாயை, தனியே சேர்த்து வைப்பது நலம். நிறைந்த மாதங்களில் தொடர் வைப்பில் இட்டு வந்தால் இஃது எளிதில் சேரும்.

மூத்தவரின் கணக்கேடு

புதிதாகத் தொடங்குவோர் நாடவேண்டிய முதல் வழிகாட்டி, அதே ஊரில் ஐந்தாறு ஆண்டுகளாக ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு மூத்தவர். அவரிடம் "தொழில் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். பன்னிரண்டு மாதங்களில் எம்மாதம் எத்தனை இரவுகள் அறை போயிற்று, எம்மாதம் பழுது பார்க்கும் செலவு மிகுந்தது, வந்தவர்களில் மீண்டும் வந்தோர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தபின் கடன் அளவைத் தீர்மானிப்பதே முறை. இயலுமாயின் மழைக்காலத்தில் ஒரு வாரம் அவருடன் இருந்து பணிகளைக் கற்பது இன்னும் சிறந்தது. அண்டை வீட்டார் போட்டியாளர் ஆயிற்றே, அவர் எதற்குச் சொல்லித் தருவார் என்ற ஐயம் எழலாம். தம் வீடு நிரம்பிய நாளில், வந்த விருந்தினரை நம்பி அனுப்புவதற்கு அவருக்கும் ஒரு நல்ல வீடு வேண்டும்.

கேரள அரசின் பொறுப்புச் சுற்றுலா இயக்கமும் இத்தொழிலில் பயிற்சி அளித்து வருகிறது. அவ்வியக்கத்துடன் இணைந்து பணியாற்றிய மறையூரை அடுத்த காந்தளூர், 2023இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமத்துக்கான தங்க விருதைப் பெற்றது.

மழை மாதங்களை விற்பது எவ்வாறு?

விளம்பரம் என்றவுடன் பலரும் மார்கழி விருந்தினரையே நினைக்கின்றனர். அம்மாதத்தில் விளம்பரம் இன்றியும் அறைகள் நிரம்பும். முயற்சி தேவைப்படுவது மெலிந்த மாதங்களுக்கே. அதற்கான பொருள் அந்தந்த ஊரிலேயே உள்ளது. மறையூர், சின்னாறு பகுதிகள் மழைமறைவில் அமைந்தவை. மூணாற்றில் மழை கொட்டும் நாட்களிலும் அங்கு மழை குறைவு. காந்தளூரில் ஆப்பிள் பழுப்பது அம்மழை மாதங்களிலேயே. மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கரும்புச்சாறு காய்ச்சும் ஆலையைக் காட்டினாலே நகரத்துக் குழந்தைகளுக்கு ஒரு பிற்பகல் இனிதே கழியும். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் மழை வந்தபின்னரே வயல்கள் பசுமை கொள்கின்றன. நெல்லியாம்பதி மலைச் சரிவில் அருவிகள் பெருகுகின்றன. கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், ஆயுர்வேதச் சிகிச்சை மேற்கொள்வது கேரளத்தின் நெடுநாள் வழக்கம். அருகில் தகுதி வாய்ந்த வைத்தியசாலை இருப்பின், சிகிச்சைக்கு வருவோர்க்குப் பத்தியச் சமையலுடன் தங்குமிடம் அளிக்கலாம்.

மொழியும் ஒரு முதலீடே. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலை, தேனி ஆகிய ஊர்களிலிருந்து வரும் குடும்பங்கள், தமிழில் பேசித் தமிழ்ச் சமையல் தரும் வீட்டை விரும்புவர். வார இறுதியில் சில மணி நேரப் பயணத்தில் வரக்கூடிய இவர்களே மழை மாதங்களிலும் வருபவர்கள்.

முன்பதிவுத் தளங்கள் தரகுத் தொகை பெறுகின்றன. அது 15 விழுக்காடு எனக் கொண்டால், 2,000 ரூபாய் அறைக்கு 300 ரூபாய் போகிறது. முதல்முறை வரும் விருந்தினரைத் தேடித் தருவதற்கு அது தகுந்த விலையே. அவர் மீண்டும் வர விரும்பும்போது நேரே தொலைபேசியில் அழைப்பாரா என்பதே விருந்தோம்பலுக்கான தேர்வு. சென்ற விருந்தினருக்கு அவர் இசைவுடன் ஆப்பிள் பழுத்த செய்தியையோ அருவி பெருகிய படத்தையோ வாட்ஸ்அப்பில் அனுப்புவது செலவில்லாத விளம்பரம்.

குறையைச் சொல்வதும் விளம்பரமே

படத்தில் விரிந்த பள்ளத்தாக்கு. வந்து பார்த்தால் கடைசி ஒரு கிலோமீட்டர் ஜீப் மட்டுமே செல்லும் பாதை. இத்தகைய விருந்தினர் எழுதும் ஒரு மதிப்புரை பத்துப் பேரைத் திருப்பிவிடும். ஆகவே பாதையின் நிலை, படிக்கட்டுகளின் எண்ணிக்கை, கைப்பேசி அலைவரிசை, மழையில் மின்தடை ஆகியவற்றை முன்பே எழுதிவிட வேண்டும். போத்துண்டி வனச் சோதனைச்சாவடி வழியே நெல்லியாம்பதிக்கு ஏறுவதற்கு நேர வரம்பு உண்டு. அதை அறியாமல் மாலையில் வந்து திரும்பும் குடும்பம் மீண்டும் வராது. முன்பே அறிந்து வருபவர் குறை கூறுவதில்லை.

ஆவணங்கள்

கேரளச் சுற்றுலாத் துறை, உரிமையாளர் குடும்பம் வசிக்கும், ஆறு அறைகளுக்கு மிகாத வீடுகளை ஹோம்ஸ்டேக்களாக ஏற்று, வைரம், தங்கம், வெள்ளி என வகைப்படுத்துகிறது. வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் இணையவழித் தகவல் அளித்தல் கட்டாயம்.

இடுக்கி வாடிக்கையாளர்கள் தம் பட்டயத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு நிலப் பதிவு விதிகளின்படி வழங்கப்பட்ட நிலங்கள் வேளாண்மைக்கும் குடியிருப்புக்கும் உரியவை. வணிகக் கட்டடங்கள் தொடர்பாக நெடுங்காலம் வழக்குகள் நடந்துள்ளன. 2023இல் கேரளச் சட்டமன்றம் இச்சட்டத்தைத் திருத்தியது. தம் நிலத்திற்கு எது பொருந்தும் என்பதைக் கிராம அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கட்டடப் பணியில் பணம் இடுவது பாதுகாப்பு.

2025–26ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என அறிவித்தது. அத்திட்டத்தில் புதிதாகக் கடன் பெறுவோர் 10 லட்சம் ரூபாய் வரை பிணையம் இன்றிப் பெறலாம். பிணையம் இல்லை என்பதால் திருப்பிச் செலுத்தும் கடமை குறைவதில்லை. எனவே முதலாண்டில் இருக்கும் அறைகளில் ஒன்றை மட்டும் சீர்செய்து தொடங்கி, தம் சொந்தக் கணக்கேட்டில் ஒரு மழைக்காலத்தைக் கண்டபின் அடுத்த அறைக்குக் கடன் கேட்பதே நாம் பரிந்துரைக்கும் வழி. அவ்வேட்டுடன் கிளைக்கு வாருங்கள். மெலிந்த மாதங்களின் வருவாயைக் கருத்தில் கொண்டு, தவணைத் தொகையையும் கால அளவையும் நாம் சேர்ந்தே வகுக்கலாம்.