பதினான்கு டயறிகளும் ஒரு நிலாவும்

2009ஆம் ஆண்டு டயறி ஒன்று எழுதப்படாமல் அலுமாரிக்குள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். 2026க்கு அது அப்படியே பொருந்தும். இரண்டு ஆண்டுகளும் வியாழக்கிழமையில் பிறந்தவை, இரண்டுக்கும் 365 நாள்தான். பெப்ரவரி 14 இரண்டிலும் சனிக்கிழமை, நத்தார் இரண்டிலும் வெள்ளிக்கிழமை. 2015 டயறி இருந்தால் அதுவும் ஆகும்.

இதில் மாயம் எதுவுமில்லை. ஓர் ஆண்டு ஏழு கிழமைகளில் ஏதாவதொன்றில்தான் தொடங்க முடியும். அது சாதாரண ஆண்டாக இருக்கும், இல்லையென்றால் லீப் ஆண்டாக இருக்கும். ஏழை இரண்டால் பெருக்கினால் பதினான்கு. உலகத்தில் அச்சாகக்கூடிய டயறிகள் மொத்தமே பதினான்கு வகைதான். இன்னும் வியப்பானது, நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டியின் 400 ஆண்டுச் சுற்று. அதில் 97 லீப் ஆண்டுகள் வரும். நாள்களைக் கூட்டினால் 1,46,097. ஏழால் வகுத்துப் பாருங்கள், மீதியே இல்லாமல் 20,871 வாரங்கள் கிடைக்கும். அதனால் 400 ஆண்டுக்கு ஒருமுறை கிழமைகளும் தேதிகளும் பிசகாமல் பழைய இடத்துக்கே வந்து நிற்கின்றன.

அப்படியென்றால் பதினான்கு டயறியைச் சேர்த்து வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஓட்டலாமே? திருகோணமலை நகரத்தை ஒட்டிய பாலையூற்றில் இருப்பவருக்கு அது சரிவராது. குறுக்கே நிற்பது நிலா.

2009இல் முதல் முழுநிலா ஜனவரி 11. 2026இல் ஜனவரி 3. எட்டு நாள் வித்தியாசம். இலங்கையில் ஒவ்வொரு பறுவமும் போயா விடுமுறை. வங்கி, கச்சேரி, பள்ளிக்கூடம் எதுவும் திறக்காது. இறைச்சிக்கடையும் சாராயக்கடையும் பூட்டு. பழைய டயறியை நம்பி அலுவல் குறித்தவர் பூட்டிய கதவுக்கு முன்னால்தான் நிற்பார். சென்னையிலோ லண்டனிலோ இருந்து உறவினர் அனுப்பும் அழகான டயறிக்கும் இதே குறைதான். தாள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதற்குப் போயா தெரியாது.

டயறி என்பது ஒன்றுக்குள் ஒன்று அடங்காத மூன்று அளவுகளை ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்த புத்தகம். சூரிய ஆண்டுக்கு 365.2422 நாள். ஒரு பறுவத்திலிருந்து அடுத்த பறுவம் வரச் சராசரி 29.53 நாள். வாரத்துக்கு ஏழு நாள், அதை வானத்தில் எதுவும் விதிக்கவில்லை, மனிதர் வகுத்தது. இந்த மூன்றில் எதைக் கொண்டு எதை வகுத்தாலும் மீதி விழும். பன்னிரண்டு நிலா மாதங்களைக் கூட்டினால் 354 நாளும் கொஞ்சமும்தான் வரும், சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் போதாது. அந்தப் பதினொரு நாள்கள் சேர்ந்து சேர்ந்து, ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு ஆண்டுகளுக்குப் பதின்மூன்று பறுவம் கிடைக்கிறது. 2023இல் ஓகஸ்ட் மாதத்துக்குள் மட்டும் முழுநிலா இருமுறை வந்தது. 2026இல் அந்த வாய்ப்பு மே மாதத்துக்கு.

இந்த மீதியை ஒவ்வொரு சமூகமும் தன் வழியில் தீர்த்துக்கொண்டது. இஸ்லாமிய நாட்காட்டி மீதியை ஒட்டுவதே இல்லை. அதனால் நோன்பு மாதம் ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் மழை, வெயில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. 2030இல் றமழான் ஜனவரியிலும் தொடங்கும், டிசம்பரிலும் தொடங்கும். இந்து, பௌத்த நிலா நாட்காட்டிகள் சில ஆண்டுகளில் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து நிலாவைச் சூரியனோடு மறுபடி இணைக்கின்றன. அந்தக் கூடுதல் மாதத்தை எங்கே சேர்ப்பது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. 2023இல் இலங்கை வெசாக்கை மே 5இல் கொண்டாடியது, தாய்லாந்து ஜூன் 3இல். ஒரே புத்தர், ஒரே நிலா, ஆனால் ஒரு மாத இடைவெளி. திருமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஒரே சந்தையில் நடமாடுகிறார்கள். இங்கே கடையில் இருக்கும் டயறியின் விடுமுறைப் பக்கம் இந்தத் தீர்வுகளை எல்லாம் ஒரே பட்டியலில் போட்டாக வேண்டும். டயறியில் மிகக் கடினமான பக்கம் அதுதான் என்பது என் எண்ணம்.

நிலாவை வாரத்துக்குள்ளும் கொண்டுவர ஒருமுறை இந்த நாடே முயன்றது. 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு வார விடுமுறை கிடையாது. அமாவாசை, வளர்பிறை அரைநிலா, பறுவம், தேய்பிறை அரைநிலா ஆகிய நாலு போயாவும், அவற்றுக்கு முந்தைய நாள்களும்தான் வார இறுதி. நிலா மாதத்தின் கால்பங்கு 7.38 நாள். நிலாவின் பாதை சரியான வட்டமும் இல்லை. பூமிக்குக் கிட்ட வரும்போது வேகமாகவும் தூரத்தில் மெதுவாகவும் ஓடும். ஆகவே ஒரு வாரம் ஏழு நாள், இன்னொரு வாரம் எட்டு நாள் என்று நீண்டும் குறுகியும் வந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவருக்கு அது வேலை நாளாக இருந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களோ உலகத்தின் கிழமைக் கணக்கிலேயே ஓடின. உலகம் வியாபாரம் செய்யும் நாளில் நாடு பூட்டியிருந்தால் நட்டம் யாருக்கு என்பது தெரிந்ததே. 1971இல் பழைய முறை திரும்பியது, பறுவப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது. தொழிலாளருக்கு அந்தப் போயா வார முறையில் ஒரு சின்ன இழப்பும் இருந்திருக்கிறது. ஆண்டுக்கு 52 ஞாயிறு வரும், ஆனால் கால்நிலாக்கள் 49 அல்லது 50தான். அந்த ஐந்தரை ஆண்டில் டயறி அச்சடித்தவர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்!

காகித டயறி வருமுன் இந்தக் கணக்கெல்லாம் மனிதர் தலைக்குள் இருந்தது. சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825இல் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, வரப்போகும் சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துச் சொன்னார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்தான் பிசகு. அவர் கையாண்ட வாக்கிய முறையின் அடித்தளம் 248 நாள். நிலா பூமிக்கு மிகக் கிட்டே வந்து, விலகி, மறுபடி அதே கிட்டத்துக்கு வர 27.55 நாள் ஆகும். ஒன்பது தடவை வந்தால் 248 நாள். நாளுக்கு ஒரு சிறு வாக்கியம், எழுத்துகளே எண்கள். இலங்கைத் தமிழரிடம் இன்றும் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் தனித்தனியே அச்சாகின்றன. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம்கூட இரண்டிலும் ஒன்றாக இராது. உங்கள் டயறியில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர் கேட்டால், கேள்வி நியாயமானது.

வானத்தை விட்டுத் தாளுக்கு வருவோம். திருமலைக்காரர் டயறி வாங்கும் காலம் மாரி. எங்கள் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாடைக்காற்றோடு வந்து கொட்டுகிறது. காற்றில் ஈரம், அதிலும் கடலோர ஈரம். டயறி வாங்கி இரண்டு கிழமைக்குள் தாள் அலையலையாக நெளிவதைப் பார்த்து மட்டமான சாமான் என்று ஏசுகிறோம். மட்டமான தாளாக இருக்க வேண்டியதில்லை, வெட்டிய திசை பிழையாக இருந்திருக்கலாம்.

தாள் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். செல்லுலோசுக்குத் தண்ணீர்மேல் தீராத ஆசை, காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். இழுத்த நார் பருக்கும், ஆனால் நீளவாக்கில் அநேகமாக நீளாது. காகித ஆலையில் கூழ் ஓடும் வலைமேல் ஊற்றப்படும்போது, பெரும்பாலான நார்கள் வலை ஓடும் திசைக்கே திரும்பிப் படுக்கின்றன. ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நார்ப்போக்கு உண்டு. ஈரம் பட்டால் அந்தப் போக்குக்குக் குறுக்கேதான் தாள் விரியும். நார்ப்போக்கு டயறியின் முதுகுக்கு இணையாக இருந்தால் பக்கம் வெளிப்புறமாக விரியும், தடையில்லை. முதுகுக்குக் குறுக்காக இருந்தால் விரிய வேண்டிய பக்கம் பசையில் மாட்டிக்கொண்டு நெளியும். பெரிய தாளில் கழிவு குறைய வேண்டும் என்று திசை பார்க்காமல் வெட்டுவதும் அச்சுத் தொழிலில் உள்ளதுதான்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். நடுவில் ஒரு பக்கத்தை எடுத்து, வெளி ஓரத்தை முதுகை நோக்கி மெதுவாக வளைத்துப் பாருங்கள். பிறகு மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தை நோக்கி வளையுங்கள். முதல் வளைவு இலகுவாகவும் இரண்டாவது சற்று விறைப்பாகவும் இருந்தால் நார்ப்போக்கு முதுகோடு போகிறது. மாரியைத் தாங்கும்.

மை ஊறுவது வேறு விடயம். நார்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் மையை உறிஞ்சி இழுக்கும். அதைத் தடுக்கத்தான் ஆலையில் மாப்பசையும் வேறு இரசாயனங்களும் சேர்க்கிறார்கள். அது குறைந்த தாளில் ஊத்துப்பேனை எழுத்து மயிர்விட்டுப் பரவும். குமிழ்முனைப் பேனை எண்ணெய் மை என்பதால் தப்பிவிடும். சுண்ணாம்புத் தூள் போதுமான அளவு சேர்ந்திருந்தால் மறுபக்க எழுத்து தெரியாது.

பாரத்தையும் கணக்குப் பார்க்கலாம். ஏ5 அளவில் 32 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 80 கிராம் தாள் என்றால் ஒரு தாள் இரண்டரை கிராம். நாளுக்கு ஒரு பக்கம் வைத்தால் 183 தாள், அட்டை இல்லாமலே 457 கிராம். அதையே 60 கிராம் தாளில் அச்சிட்டால் 343. பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இந்தக் கால் இறாத்தல் பெரிய விடயம். ஒரு வாரத்தை இரண்டு பக்கத்தில் காட்டும் மெல்லிய டயறி பெரும்பாலானோருக்குப் போதும்.

கிழக்கு மாகாணத்துக்குச் சொந்தத் தாளே இருந்தது. திருமலைக்குத் தெற்கே வாழைச்சேனையில் 1950களில் தொடங்கிய காகித ஆலை, வயல் வைக்கோலையே கூழாக்கியது. வைக்கோல் நார் பைன் மரநாரைவிடக் குட்டை. தாள் வழவழப்பாக வரும், ஆனால் வலு குறையும், நீண்ட மரநார் கலந்தால்தான் உறுதி. போர்க்காலம் அந்த ஆலையை முடக்கிப்போட்டது. இறக்குமதித் தாளை மட்டுமே நம்பியிருப்பதன் விலையை 2022 மார்ச்சில் பார்த்தோம். தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது, சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின.

தங்க விளிம்பு, தோல் போன்ற அட்டை, காந்தப் பூட்டு எல்லாம் கடைசியில் பார்க்க வேண்டியவை. முதலில் விடுமுறைப் பக்கத்தைத் திறந்து போயா நாள்களை எண்ணுங்கள். அடுத்து பக்கத்தை வளைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் சொந்தப் பேனையால் கடைசிப் பக்கத்து மூலையில் ஒரு சொல் எழுதிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்கு விடாத கடையில் டயறி வாங்க வேண்டாம். அதே காசுக்கு இரண்டு சீஆர் கொப்பி வாங்கித் தேதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.