உப்புத்தாளை எடுப்பதற்கு முன்: ஒரு பழைய வின்செஸ்டரின் மரம்

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு வின்செஸ்டர் 94 கொண்டுவந்தார். அவருடைய அப்பா வட மிச்சிகனில் மான் வேட்டைக்கு எடுத்துப்போன ரைபிள். பின்கட்டை கறுத்துப்போய்ப் பிசுபிசுன்னு இருந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கித் தர முடியுமா என்றார். நவம்பர் 15 சீசன் ஆரம்பம், அதற்குள் வேண்டுமாம்.

நாற்காலி என்றால் நானும் நேரா உப்புத்தாளைத்தான் எடுத்திருப்பேன். துப்பாக்கியில் அது ஆகாது. மரமும் இரும்பும் ஒரே மட்டத்தில் சேர்கிற மாதிரி இழைத்திருக்கிறார்கள். தேய்த்தால் மரம் தாழ்ந்துபோய், இரும்பின் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். போன மரம் போனதுதான். இது 1964-க்கு முந்தினது வேறு. அந்த வருஷம் கம்பெனி செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றியது. அதனால் முந்தைய துப்பாக்கிகளைத்தான் சேகரிப்பவர்கள் தேடுவார்கள். அடிபடாத பழைய மரத்துக்கு அவர்களிடம் மதிப்பு அதிகம்.

உள்ளே குண்டு இல்லையென்று அறையிலும் குழல் மேகசினிலும் பார்த்துவிட்டு, மேலே இருக்கும் ஒரே திருகைக் கழற்றினால் கட்டை பின்னால் உருவிக்கொண்டு வரும். வந்ததும் விஷயம் புரிந்தது. குழாய் மேலே பார்க்க வருஷக்கணக்கா சாத்தி வைத்ததில், இரும்புக்குப் போட்ட எண்ணெய் கீழே இறங்கி மரத்தின் முனையில் ஊறியிருந்தது. அப்படி ஊறின மரம் வலுவிழந்துவிடும். சுடும்போது வருகிற உதை முழுக்க விழுவதும் அந்த முனையில்தான். அங்கே ஒரு மயிரிழை விரிசல்! பளபளப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதைக் கவனிக்கணும்.

எண்ணெய் இருக்கிற மரத்தில் பசை பிடிக்காது. வைட்டிங் என்கிற சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்து, நெருப்பில்லாத திறந்த வெளியில் வைத்துப் பூசினேன். அசிட்டோன் ஆவியாகும்போது எண்ணெயை மேலே இழுக்கும், தூள் அதைக் குடித்துப் பழுப்பாகும். தூள் வெள்ளையாகவே நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பூசவேண்டியிருந்தது. அப்புறம்தான் விரிசலுக்குள் எபாக்ஸி விட்டேன்.

பள்ளங்களுக்கு ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் போதும். அமுங்கின நார் நீராவியில் உப்பி எழுந்துவிடும். வெட்டுப்பட்ட நார் எழாது. அந்தக் கீறல்களை அப்படியே விட்டுவிட்டேன். பெரியவருக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கடைசியில் 'பாயில்டு' லின்சீட் ஆயில். பெயரில்தான் கொதிப்பு, சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்த ஆளிவிதை எண்ணெய் அது. உள்ளங்கையால் மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் காய்கிறது, அப்போது சூடு பிறக்கும். சுருட்டின துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பற்றும். நான் தண்ணீரில் நனைத்து, வெளியே ஒற்றையாக விரித்துப்போடுவேன்.

திருப்பிக் கொடுக்கும்போது ரெண்டு விஷயம் சொன்னேன். சுடுவதற்கு முன்னால் அந்த விரிசலை ஒரு கன்ஸ்மித்திடம் காட்டணும். எண்ணெய் போட்ட பிறகு, துப்பாக்கியைக் குழாய் கீழே பார்க்க வைக்கணும்.