காரின் குளிர் எங்கே போயிற்று?

சித்திரை மாதத்து நண்பகல். காரின் சன்னல்களை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனப் பொத்தானை அழுத்துகிறீர்கள். காற்று வருகிறது, குளிர் வரவில்லை. பட்டறைக்குக் கொண்டு போனால், "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்கிறார்கள். பணம் கொடுத்து நிரப்புகிறீர்கள். அடுத்த கோடையில் மீண்டும் அதே கதை!

பெட்ரோல் தீர்வதுபோல் இந்த வாயு தீருமா? தீராது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

வெப்பத்தைச் சுமக்கும் வாயு

ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? ஸ்பிரிட், தான் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். கார் குளிர்சாதனத்தின் அடிப்படையும் இதுவே.

1990களிலிருந்து பெரும்பாலான கார்களில் பயன்பட்டு வந்துள்ள ஆர்-134ஏ என்னும் பொருள், சாதாரணக் காற்றழுத்தத்தில் −26 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். எஞ்சினால் இயக்கப்படும் கம்ப்ரசர் இந்த வாயுவை அழுத்துகிறது. அழுத்தம் ஏற ஏற அதன் வெப்பநிலையும் ஏறி, வெளிக்காற்றைவிட மிகுதியாகிறது. அதனால்தான் காரின் முன்புறம் உள்ள கண்டென்சரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாக முடிகிறது. பிறகு விரிவு வால்வின் நுண்ணிய துளை வழியே பாயும்போது அழுத்தம் சட்டெனக் குறைகிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஆவியாக்கியில் திரவம் கொதித்து, காருக்குள் சுழலும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. மீண்டும் வாயுவாகிக் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

இது மூடிய சுற்று. சுமார் அரைக் கிலோ வாயுவே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது, எரிவதில்லை, செலவாவதில்லை. குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது என்றே பொருள். ரப்பர்க் குழாய்கள் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்பு. ஒரே ஆண்டில் குளிர் போய்விட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது!

நீங்களே கண்டறியலாம்

குளிர் குறைந்தால் எப்போதும் வாயுவே குற்றவாளி என்று எண்ணிவிடாதீர்கள்.

காற்றே குறைவாக வருகிறதா? வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம். அல்லது உள் விசிறி பழுதாகியிருக்கலாம்.

சாலையில் ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது குளிர் குறைகிறதா? கண்டென்சர் விசிறியைக் கவனியுங்கள். ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை, நிற்கும்போது விசிறிதான் செய்யவேண்டும். கண்டென்சரில் சேறும் பூச்சிகளும் அப்பியிருந்தாலும் இதே நிலைதான்.

முதலில் நன்கு குளிர்ந்து, அரைமணி கழித்துக் காற்று குறைகிறதா? சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிறதா? ஆவியாக்கியின் மேல் பனிக்கட்டி படிந்து காற்றின் வழியை அடைக்கிறது. அடைபட்ட வடிகட்டியோ, வெப்பநிலை உணர்வியின் கோளாறோ காரணமாகலாம்.

காற்று பலமாக வந்தும் வெப்பமாகவே இருக்கிறதா? பல கார்களில் குளிர்சாதனத்தை இயக்கியதும் காந்தக் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கும் ஓசை கேட்கும். (கிளட்ச் இல்லாத கம்ப்ரசர்களும் உண்டு, அவற்றில் ஓசை இராது.) ஓசை இல்லையென்றால் ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது வாயு மிகக் குறைந்து, அழுத்தச் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தியிருக்கலாம். அந்தச் சுவிட்சைச் சிலர் ஒயர் போட்டு இணைத்து இயக்கிவிடுவதுண்டு. இது பெருந்தவறு. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் வாயுவுடன் கலந்தே சுற்றுகிறது. வாயு குறைந்தால் எண்ணெயும் திரும்பாது, கம்ப்ரசர் இறுகிப்போகும்.

காரின் அடியில் நீர் சொட்டினால் அஞ்சவேண்டாம். அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சேர்ந்த நீர். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தால், அதுவே கசிவின் அடையாளம்.

இதற்குமேல் கை வைக்காதீர்கள். குழாயைத் திறந்தால் அழுத்தத்துடன் பீறிடும் திரவம் தோலை உறையச் செய்யும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

கசிந்த வாயு எங்கே போகிறது?

முன்பு பயன்பட்ட ஆர்-12 வாயுவின் குளோரின், ஓசோன் படலத்தை அரித்தது. இத்தகைய வாயுக்களைப் பற்றி 1974-ல் மொலினா, ரோலண்ட் என்னும் அறிவியலார் எச்சரித்தனர். 1987-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. ஆர்-134ஏ ஓசோனை அரிப்பதில்லை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில், அதன் 1 கிலோ சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடேற்றும். நம் காரைக் குளிர்விக்க ஆண்டுதோறும் வாயுவை வானில் விட்டுக்கொண்டிருந்தால், வரும் கோடைகளை நாமே வெப்பமாக்குகிறோம்.

ஆகவே அடுத்த முறை "கேஸ் தீர்ந்துவிட்டது" என்றால், "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள். ஓட்டையை அடைத்து, வெற்றிடப் பம்பால் காற்றையும் ஈரத்தையும் நீக்கி, வாயுவை எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் பணத்தையும் காக்கும்; வானத்தையும் காக்கும்.