உண்டவன் காட்டும் வழி

திருவண்ணாமலைக்குப் போகும் பஸ்கள் திருக்கோவிலூரில் வந்து நிற்கிற விடியற்காலை வேளையில், இரவெல்லாம் பிரயாணம் செய்த களைப்போடும் பசியோடும் இறங்குகிற யாத்திரிகர்கள், உலகளந்த பெருமாள் கோவில் இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பிவிட்டு, எதிர்ப்படுகிற உள்ளூர்க்காரரிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “ஐயா, இங்கே டிபன் எங்கே நல்லா இருக்கும்?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை நான் சாமானியமான காரியமாக நினைப்பதில்லை. முன்பின் அறியாத ஒருவர் தம்முடைய வயிற்றையும், கூட வந்திருக்கும் குழந்தைகளின் வயிற்றையும் நம்முடைய ஒரு வார்த்தையை நம்பி ஒப்படைக்கிறார். அந்த வார்த்தையில் சிரத்தை இல்லாவிட்டால் அவருடைய அன்றைய யாத்திரையே கெட்டுப்போகக்கூடும்.

நம்முடைய பாஷையில் இந்தக் கேள்விக்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. முன்னே போய் உண்டு, பரிசிலும் பெற்றுத் திரும்புகிற கலைஞன், எதிரே பசியோடு வருகிற இன்னொருவனுக்கு, இந்த வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னார் இன்ன உணவைக் கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. திண்டிவனத்துப் பக்கத்து ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்துகிற சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துக் கடற்கரையில் சுட்ட குழல்மீன் கிடைக்கும், வேலூரில் வேட்டுவப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறு சூட்டிறைச்சியோடு கிடைக்கும், ஆமூரில் உலக்கையால் குற்றிய அரிசியின் வெண்சோறு நண்டுக் கலவையோடு கிடைக்கும் என்று ஊர் ஊராக விவரம் வருகிறது. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கத்தில் இருந்த நன்னனைப் பாடிய மலைபடுகடாமோ, நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறு கிடைக்கும் மலையடிவாரச் சீறூர்களைக் காட்டுவதோடு நில்லாமல், போகிற பாதையில் எந்த இடத்தில் ஜாக்கிரதையாக நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. திருக்கோவிலூரைச் சுற்றியுள்ள இந்தப் பிரதேசத்திலேயே, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், சாப்பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுகிற கலை இவ்வளவு தெளிவோடு இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. சொல்கிறவன் தானே உண்டவன். ஊரைச் சொல்கிறான், பதார்த்தத்தைச் சொல்கிறான், படைக்கிறவர்கள் யார் என்பதைச் சொல்கிறான். கேட்கிறவனுடைய பசியை மறக்காமல் சொல்கிறான்.

இன்றைக்குக் கைப்பேசியில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போட்டுவிட்டுப் போகிற வழக்கம் சிறிய ஊர்களுக்கும் வந்துவிட்டது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நட்சத்திரத்தைப் பார்த்து, அவர் எந்த வேளையில் போனார், என்ன சாப்பிட்டார், ஒரு தடவை போனாரா பல தடவை போனாரா என்று தெரிந்துகொள்ள முடிவதில்லை. ஓர் ஓட்டலைப் பற்றி நான் வாய் திறப்பதற்கு முன்னால் மூன்று தடவையாவது அங்கே சாப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒரு விரதம் வைத்திருக்கிறேன். அந்த மூன்றில் ஒன்றுகூடப் பௌர்ணமியாக இருக்கக்கூடாது. பௌர்ணமியன்று கிரிவலத்துக்குப் போகிற ஜனங்கள் விழுப்புரம் பக்கத்திலிருந்தும் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் இந்த ஊர் வழியாகத் திரண்டு போகிறார்கள். வழக்கமாக ஐம்பது பேருக்கு மாவு அரைக்கிற கடை அன்றைக்கு ஐந்நூறு பேருக்குப் பரிமாற முயலும்போது நிகழ்கிற பிழைகளைக் கொண்டு அந்தக் கடையை எடைபோடுவது, ஜுரத்தில் கிடக்கிறவனுடைய பாட்டைக் கேட்டு அவன் சாரீரத்தை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும். மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமையில், கூட்டமில்லாத பத்து மணிக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடையின் சுபாவம் அப்போதுதான் தெரியும்.

முதலில் தோசைக்கல்லைக் கவனியுங்கள். நல்ல மாஸ்டர் ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் கல்லின் மேல் ஒரு கை தண்ணீரைத் தெளிக்கிறார். அது சுர்ரென்று சீறி ஆவியாகிற நொடியில் தென்னந்துடைப்பத்தால் கல்லை ஒரு வீச்சு வீசித் துடைக்கிறார். அதன் பிறகே கரண்டி மாவை நடுவில் விட்டுச் சுழற்றுகிறார். இது வெறும் சுத்தத்துக்காகச் செய்கிற காரியம் அன்று. கல் மிதமிஞ்சிக் காய்ந்திருந்தால் மாவு விட்ட இடத்திலேயே இறுகிவிடும். இழுத்துப் பரப்பினால் கிழியும். மேலே கருகி உள்ளே வேகாத தோசை அப்படிப்பட்ட கல்லிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் தெளிப்பது கல்லின் சூட்டைத் தணித்து மாவு ஓடுவதற்கு இடம் கொடுக்கிறது. பரவிய பிறகு மறுபடி ஏறுகிற சூட்டில்தான் அந்தப் பொன்னிறமும் முறுகலும் வாசனையும் உண்டாகின்றன. அவசரப்படுகிற கடையில் இந்தத் தண்ணீர்தான் முதலில் நின்றுபோகிறது.

இட்லியின் சங்கதி வேறு. பெயரிலேயே உளுந்தை வைத்துக்கொண்டிருக்கிற உளுந்தூர்பேட்டை நம்முடைய கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இருக்கும்போது, இங்கே இட்லியில் உளுந்தைக் குறைப்பதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அரைத்த மாவில் இரவு முழுவதும் நுண்ணுயிர்கள் வேலை செய்து வாயுவை உண்டாக்குகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் இட்லி பஞ்சாக உப்புகிறது. உளுந்தையும் குறைத்து, புளிக்கவைக்கிற நேரத்தையும் குறைத்து, அந்தக் குறையைச் சோடா உப்பால் நிரப்புகிற இடங்களில் இட்லி இலேசான மஞ்சள் நிறம் காட்டும். நாக்கில் சோப்புப் பட்டது போன்ற ஒரு ருசி நிற்கும். சட்னி சாம்பார் இல்லாமல் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தால் போதும்.

தேங்காய்ச் சட்னியைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகவே இருக்க வேண்டியிருக்கிறது. வெந்த பதார்த்தங்களை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டிலேயே வைத்திருந்தால் கிருமிகள் பெருகுவதற்கு இடமில்லை. சாம்பார் அடுப்பை விட்டு இறங்காமல் ஆவி பறந்துகொண்டிருப்பதன் பிரயோஜனம் அதுதான். பச்சைத் தேங்காயை அரைத்த சட்னிக்கோ அந்தப் பாதுகாப்புக் கிடையாது. நம்முடைய சித்திரை வெயிலில் அது மூன்று நான்கு மணி நேரத்துக்குள் மாறிவிடும். நான் அடிக்கடி போய்க்கொண்டிருந்த ஓரிடத்தில் ஒரு நாள் சட்னியில் புளிப்பு வாடை தெரிந்தது. பரிமாறிய பையனிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் கல்லாவைப் பார்த்தான். கல்லாவில் இருந்தவர், “காலையிலேருந்து நூறு பேரு சாப்பிட்டுப் போயிட்டாங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே” என்றார். அந்தப் புளிப்பை நான் மறந்துவிட்டேன். அந்தப் பதிலை இன்னும் மறக்க முடியவில்லை. வேறொரு கடையில் இதே குறையை இதே விதமாகச் சொன்னபோது, முதலாளியம்மாள் எழுந்து வந்து, வாளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வாளியைக் கொல்லைப்புறத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே கிரைண்டர் ஓடுகிற சப்தம் கேட்டது. அந்தக் கடைக்கு நான் இன்றைக்கும் போகிறேன்.

எண்ணெய் விஷயத்தில் நம்முடைய மூக்கே போதுமான சாட்சி. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கறுத்துக் கெட்டியாகி, நுரைத்து, தொண்டையைக் கரகரக்கச் செய்யும் புகையை விடுகிறது. அப்படிக் கெட்டுப்போன அம்சங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலை முதல் சட்டமே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறிய கடையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதினான்கு இலக்க எண் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பெருநகர ஓட்டல்களில் பில்லோடு சேவைக் கட்டணம் என்று தாமாகவே சேர்த்துவிடுகிற வழக்கத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் தடுத்திருக்கிறது. நம் ஊர்க் கடைகளுக்கு அந்த வியாதி வந்ததில்லை. பார்சல் மட்டும் இன்னும் சில இடங்களில் அச்சடித்த காகிதத்தில் வருகிறது. அந்த மை சூட்டில் பலகாரத்தில் ஒட்டும். வாழையிலை இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற பூமியில் இதற்கு அவசியமே இல்லை.

உபசாரத்தைப் பற்றிப் பேசும்போது, சிரித்த முகம், சுறுசுறுப்பு என்பவற்றோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். டம்ளருக்குள் விரலை விட்டுத் தூக்கி வருகிறாரா, வெளியே பிடித்து வருகிறாரா என்பதைக் கவனிப்பதும் நல்லதுதான். என் மனசில் இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம்முடைய ஓட்டல்களில் யார் எங்கே உட்காரலாம் என்பதே ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்களுக்கு என்று தனியிடம் இருந்து, கிளர்ச்சிகளுக்குப் பிறகு 1941-இல்தான் அது ஒழிந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று பெரியார் ஈ.வெ.ராமசாமி 1957-இல் போராட்டம் நடத்தினார். ஓட்டலுக்குள் ஜாதி மத பேதத்தைச் சொல்லி எவரையும் தடுக்கலாகாது என்று அரசியல் சாசனத்தின் 15-ஆம் ஷரத்து அதற்கு முன்பே விதித்திருந்தது; ஆயினும் டீக்கடைகளில் சிலருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்த பாதகம் அதற்குப் பிறகும் நெடுநாள் நம் கிராமங்களில் நீடித்தது. இந்தச் சரித்திரத்தை அறிந்தவன், ஓர் ஓட்டலின் உபசாரத்தைத் தனக்குக் கிடைத்த மரியாதையைக் கொண்டு அளக்கமாட்டான். வெள்ளை வேட்டிக்காரருக்குச் சாம்பார் வாளி இரண்டாந்தடவை வருவது அதிசயமன்று. தெருவைப் பெருக்கிவிட்டு வந்து இரண்டே இட்லி கேட்கிற அம்மாளுக்கு அது கேட்காமலே வருகிறதா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெருமழை பெய்த ஓர் இரவில் முதலாழ்வார்கள் மூவரும் ஒருவரையொருவர் அறியாமல் வந்து ஒதுங்கிய இடைகழி இந்த ஊரில்தான் இருக்கிறது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று பின்னால் வந்தவருக்கு முன்னால் வந்தவர் இடங்கொடுத்த அந்த வரலாற்றை இங்கே குழந்தைகளும் சொல்லும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நான்கு பேர் உட்காரும் மேஜையில், கல்வராயன் மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்கி வந்த ஒருவரும், கோர்ட்டுக்கு வந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுத் திரும்பும் ஒரு தகப்பனாரும் ஒரே வரிசையில் இலையைப் போட்டுக்கொண்டு, “கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே” என்று சொல்லி இடங்கொடுத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சிக்கு இடமளிக்கிற கடையில் ரசம் சற்று நீர்த்திருந்தாலும் அதை நான் பெரிதுபடுத்துவதில்லை.

கடைக்காரர்களின் சிரமத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள் அவர்கள். 19 கிலோ வியாபார சிலிண்டரின் விலை ஏறுகிற மாதத்தில் தோசைக்கு ஐந்து ரூபாய் கூட்டலாமா, கூட்டினால் தினமும் வருகிறவர் வராமல் போய்விடுவாரோ என்று இரவெல்லாம் கணக்குப் போடுகிறவர்கள். ஆகையால் குறையை ஊரெல்லாம் பரப்புவதற்கு முன்னால் கல்லாவில் இருப்பவரிடம் தனியாக ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. நிறையாக இருந்தால் மாஸ்டரின் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் வயதான தம்பதிகள் இருவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். கீழையூர் வீரட்டானேசுவரரைத் தரிசித்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போக உத்தேசம் என்றார்கள். நான் கடையின் அடையாளத்தைச் சொல்லி, எட்டு மணிக்குள் போனால் பொங்கல் இளக்கமாக இருக்கும், அதற்குமேல் என்றால் தோசைக்குச் சொல்லுங்கள், தேங்காய்ச் சட்னி வேண்டாமென்றால் காரச் சட்னி தனியாகக் கிடைக்கும், பரிமாறுகிற பெரியவருக்குக் காது சற்று மந்தம், இரண்டு தடவை சொல்ல நேர்ந்தால் வருத்தப்படாதீர்கள், படி ஈரமாக இருக்கும், பார்த்து ஏறுங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாள் நான்கு அடி போய்விட்டுத் திரும்பி வந்து, “தம்பி, சக்கரை இல்லாம காப்பி குடுப்பாங்களா?” என்றார்.

“குடுப்பாங்கம்மா. ஆனா உக்காந்த உடனேயே சொல்லிடுங்க; அங்கே சக்கரையைப் போட்டேதான் ஆத்துவாங்க.”