வீணைக் கம்பி: எதைப் போடுவது, எப்படி மாற்றுவது?

அலோர்ஸ்டார் மெர்கோங் வட்டாரத்திலும் சரி, தோட்டங்களிலிருந்து சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் குடிவந்த குடும்பங்களிலும் சரி, வீணை உள்ள வீடுகள் அதிகமில்லை. இருக்கிற வீணையும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து எப்போதோ கப்பலிலோ விமானத்திலோ வந்ததாக இருக்கும். அம்மாவோ அத்தையோ சில காலம் வாசித்தார்; பிறகு அது உறைக்குள் போய்விட்டது. சரஸ்வதி பூசைக்கு வெளியே வந்து, பொட்டு வாங்கிக்கொண்டு, திரும்ப உள்ளே போகும். ஒரு நாள் மகள் வீணை கற்க ஆசைப்படுகிறாள். உறையைப் பிரித்துப் பார்த்தால் ஏழு கம்பிகளில் இரண்டு அறுந்து சுருண்டு கிடக்கின்றன. மற்றவை துருவேறிக் கறுத்திருக்கின்றன.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கிடைத்த கம்பியைப் போட்டுக் கட்டிவிட்டால் போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் பிள்ளை விரல் வலிக்கிறது என்கிறாள், ஆறு மாதத்தில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறாள். பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று வீட்டில் தீர்ப்பு எழுதப்படுகிறது. அந்தத் தீர்ப்புக்கு முன்னால் கம்பியை ஒரு முறை பார்த்திருக்க வேண்டும்.

வீணையில் மெட்டுகளின் மேல் ஓடி வாசிக்கப்படும் கம்பிகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கவாட்டில் தாளத்திற்கும் சுருதிக்கும் மீட்டப்படும் கம்பிகள் மூன்று. சாரணியும் பஞ்சமமும் வெறும் எஃகுக் கம்பிகள். மந்தரமும் அனுமந்தரமும் கீழ் சுருதிக்கு உரியவை என்பதால் கனமாக இருக்க வேண்டும். ஆனால் எஃகையே தடிமனாகப் போட்டால் அது கம்பியாக இல்லாமல் குச்சிபோல் விறைத்து நிற்கும், நாதமும் கெட்டுவிடும். அதனால் இப்போது மெல்லிய எஃகின் மேல் பித்தளை, வெண்கலம் அல்லது செம்பு இழையைச் சுற்றிய கம்பிகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். கனமும் கிடைக்கிறது, வளைவும் கிடைக்கிறது.

எண்ணில் இருக்கிற பொறி

வீணைக் கம்பியைக் கேஜ் எண்ணைச் சொல்லி வாங்குவது வழக்கம். இது பழைய பிரிட்டிஷ் கம்பி அளவு. இதில் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியதாகும். 28 கேஜ் கம்பி 0.376 மில்லிமீட்டர், 30 கேஜ் கம்பி 0.315 மில்லிமீட்டர்தான். கிட்டார் கம்பி உறையில் அச்சிட்டிருக்கும் எண் இதற்கு நேர் எதிரானது. அது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கிச் சொல்லும் அளவு. எண் கூடினால் கம்பி தடிக்கும். வீணைக் கம்பி கிடைக்காமல் பட்டணத்துக் கிட்டார் கடையில் போய் "28 கொடுங்கள்" என்று கேட்டால், 0.71 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சுற்றுக்கம்பி கையில் வரும். அது ஏறத்தாழ இரண்டு மடங்கு தடிமன். சாரணிக்கு அதைக் கட்ட முயன்றால் வீணை தாங்காது.

கிட்டார் கடையை அறவே ஒதுக்க வேண்டும் என்பதில்லை. சுற்றில்லாத எஃகுக் கம்பியில் கிட்டார் எண் 12 என்பது ஏறக்குறைய 30 கேஜுக்கும் 31 கேஜுக்கும் இடையில் நிற்கிறது. எண் 14 என்றால் 29 கேஜை ஒட்டி வரும். அவசரத்திற்கு உதவும். ஆனால் நீளத்தைப் பார்க்க வேண்டும். கிட்டார் கம்பி ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் இருக்கும். வீணையின் நாகபாசத்தில் தொடங்கிக் குதிரையைத் தாண்டிப் பிருடையில் சுற்றி முடிக்க அது பல வேளைகளில் போதாது. கடைக்குப் போகும் முன் ஒரு நூலை வைத்து அளந்துகொண்டு போவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

கட்டைதான் கம்பியைத் தீர்மானிக்கிறது

எந்த கேஜ் நல்லது என்று கேட்பதைவிட, வீணை எந்தக் கட்டையில் வாசிக்கப்படப் போகிறது என்று கேட்பதே சரி. ஒரே கம்பியை மூன்று கட்டையிலிருந்து நான்கு கட்டைக்கு ஏற்றினால், அதாவது ஒரு ஸ்வரத்தானம் மட்டும் உயர்த்தினால், கம்பியின் இழுவிசை சுமார் 12 விழுக்காடு கூடும். ஐந்து கட்டைக்கு ஏற்றினால் சுமார் 41 விழுக்காடு கூடும். அதேபோல், கட்டையை மாற்றாமல் 30 கேஜை எடுத்துவிட்டு 28 கேஜைப் போட்டாலும் இழுவிசை சுமார் 42 விழுக்காடு கூடும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அம்மா காலத்தில் அந்த வீணை மூன்று கட்டையில், 30 கேஜ் சாரணியோடு இருந்தது. மகள் பாட்டும் கற்பவள். அவள் குரலுக்கு ஐந்து கட்டை என்று வீணையையும் ஐந்து கட்டைக்கு ஏற்றுகிறார்கள். கடையில் கிடைத்தது 28 கேஜ். யாரும் தவறு செய்ததாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் விரலுக்கு அடியில் இருக்கும் இழுவிசை அம்மாவுக்கு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. பதினொரு வயது விரல் அதைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்க வேண்டும். வலிக்காமல் என்ன செய்யும்?

கட்டையை ஏற்ற வேண்டுமானால் கம்பியை மெலிதாக்க வேண்டும், இறக்கினால் தடிமனாக்கலாம். ரொம்பவும் மெலிதாகப் போனால் வேறு தொல்லை வரும்: கம்பி தளர்ந்து மெட்டுகளில் இரையும், நாதம் ஒல்லியாகிவிடும். தொடக்க மாணவருக்கு வீணையை மூன்று கட்டையை ஒட்டி வைத்துக்கொள்வதே உத்தமம். குரலுக்காக வீணையை ஏற்றுவது, பெரும்பாலான வீடுகளில் அவசியமே இல்லாத காரியம்.

இழுக்கும் கம்பி அறும்

வீணையில் எந்தக் கம்பி அதிகமாக அறுகிறது என்று கேட்டால் வாசிப்பவர் எவரும் சாரணி என்றே சொல்வார். மெல்லியது என்பது மட்டும் காரணமல்ல, இழுபடுவதும் அதுதான். ஒரே மெட்டில் கம்பியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைக் கொண்டுவருவது வீணையின் தனி அழகு. இந்த இழுப்பை எல்லை வரை கொண்டுபோனவர் என்று வீணை எஸ். பாலசந்தரைச் சொல்வார்கள்.

அமெரிக்கக் கிராமிய இசையில் கேட்கும் பெடல் ஸ்டீல் கிட்டாரிலும் இதே கதைதான். அது மேசைபோல் கால்களில் நிற்கும் வாத்தியம். இடக்கையில் பிடித்த எஃகுத் துண்டு கம்பிகளின் மேல் வழுக்கிச் செல்லும். காலடியில் உள்ள பெடல்களும் முழங்காலருகே உள்ள நெம்புகோல்களும் கம்பியை இழுத்துச் சுருதியை மாற்றும். பரவலாக உள்ள ஈ-9 சுருதி முறையில் பத்துக் கம்பிகள். அவற்றில் மூன்றாவது கம்பிதான் மிக மெல்லியது, அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு. ஏற்கெனவே உச்சத்தில் முறுக்கேறி நிற்கும் அதைப் பெடல் இன்னும் அரை சுருதி மேலே இழுக்கிறது. முதலில் அறுவதும் அதுதான். அதனால் அதை வாசிப்பவர்கள் முழு செட்டோடு மூன்றாவது கம்பியை மட்டும் தனியாகக் கூடுதலாக வாங்கி வைத்திருப்பார்கள். வீணைக்கும் அதே கணக்கு: ஒரு செட்டுக்கு இரண்டு மூன்று சாரணி.

நம் பக்கத்தில் பெடல் ஸ்டீலுக்கு உறவு என்று சொல்லத்தக்கது கோட்டு வாத்தியம், அதாவது சித்ரவீணை. மெட்டே இல்லாத அந்த வாத்தியத்தில் 21 கம்பிகள் வரை உண்டு. கருங்காலிக் கட்டையோ டெஃப்லான் துண்டோ கம்பியின் மேல் வழுக்கும். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் அதில் பெயர்பெற்றவர். மெட்டில் உரசுவதும் விரலால் பக்கவாட்டில் இழுப்பதும் அதில் இல்லை.

எங்கே அறுந்தது?

அறுந்த கம்பியை உடனே குப்பையில் போட்டுவிடக் கூடாது. அது அறுந்த இடம் ஒரு சேதி சொல்லும். குதிரைக்கு மேல் அறுந்திருந்தால், குதிரையின் உலோகத் தகட்டில் கம்பி அறுத்த பள்ளம் கூராகியிருக்கலாம். பிருடையருகே அறுந்திருந்தால், கட்டும்போது கம்பி நொடிந்திருக்கிறது. நடுவில், அதிகம் இழுக்கும் மெட்டின் மேல் அறுந்திருந்தால் அது நியாயமான தேய்மானம். கம்பி தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. முதல் இரண்டு வகையில் புதுக் கம்பி போட்டாலும் ஒரு வாரத்தில் திரும்ப அறும். கம்பி மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

அறுவதற்கு முன்பே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. விரலை ஓட்டினால் சொரசொரப்பு தட்டும். நாதம் மங்கியிருக்கும். எல்லாவற்றையும்விட நல்ல சோதனை பன்னிரண்டாம் மெட்டு: திறந்த கம்பியில் ஸட்ஜம் கேட்டால், அந்த மெட்டில் மேல் ஸட்ஜம் சுத்தமாக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பலர் மெட்டைக் குறை சொல்லி மெழுகைத் தொடப் போய்விடுகிறார்கள். ஓரிடத்தில் தேய்ந்தும் ஓரிடத்தில் தேயாமலும் இருக்கிற பழைய கம்பி இப்படித்தான் பொய் சுருதி காட்டும். முதலில் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் சேரவில்லையென்றால்தான் மெட்டுக் கட்டுபவரைத் தேட வேண்டும். நம் ஊரில் அவரைக் கண்டுபிடிப்பது கம்பியைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

மாற்றும் முறை

ஏழு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றுவதுதான் மிகப் பெரிய தவறு. குதிரை தன் இடத்தில் நிற்பது கம்பிகளின் அழுத்தத்தால். எல்லாவற்றையும் அவிழ்த்தால் குதிரை நகர்ந்துவிடும். குதிரையிலிருந்து உள்ள தூரத்தைக் கணக்கிட்டுத்தான் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டிருக்கின்றன. துடைக்க வசதியாக இருக்கும் என்று எல்லாவற்றையும் கழற்றியவர்கள் அந்த வசதிக்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றைக் கழற்றி, புதியதைக் கட்டி, ஓரளவு சுருதிக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அப்படியும் தொடங்கும் முன் குதிரையின் காலைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைப்பது நல்லது.

பழைய கம்பியை வெட்டி எடுக்காமல் பிருடையைத் தளர்த்தி அவிழ்க்க வேண்டும். முறுக்கில் இருக்கும் கம்பியை வெட்டினால் அது சாட்டைபோல் தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். புதுக் கம்பியை நாகபாசத்தில் கண்ணி முறுக்கி மாட்டி, லங்கரில் கோத்து, குதிரைப் பள்ளத்தில் அமர்த்தி, பிருடைத் துளையில் செலுத்தி நெருக்கமாகச் சுற்ற வேண்டும். லங்கர் நடு இடத்தில் இருக்கட்டும். பிறகு நுணுக்கமாக ஏற்றவும் இறக்கவும் இடம் வேண்டுமே. சுற்றுக்கம்பியாக இருந்தால் நுனியை மடக்கிய பிறகே மிச்சத்தை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மேல்சுற்று பிரிந்து இரைய ஆரம்பித்துவிடும்.

புதுக் கம்பி நீளும். ஒரே முறுக்கில் சுருதிக்கு ஏற்றாமல், கொஞ்சம் கீழே நிறுத்தி, விரலால் மெல்ல இழுத்துவிட்டு, திரும்ப ஏற்ற வேண்டும். ஓரிரு நாள் அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அரங்கேற்றத்தன்று காலையில் புதுச் சாரணி போடுவது தெரிந்தே வம்பை விலைக்கு வாங்குவது. இரண்டு மூன்று நாளுக்கு முன்பே போட்டு வாசித்துப் பழக்கிவிட வேண்டும்.

கெடாவின் வானிலையும் வீணையும்

இந்த நாட்டின் ஈரக்காற்றில் எஃகுக்கு ஆயுள் குறைவு. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியும் மேலுமாகத் துடைப்பது ஒரு நிமிட வேலை. விரலுக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய் எண்ணெய் துருவைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் துடைக்காமல் விட்டால் தூசியோடு சேர்ந்து சுற்றுக்கம்பியின் இடுக்கில் பிசினாகிவிடும். மந்தரமும் அனுமந்தரமும் மங்கிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

வடகெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் மரம் சுருங்கிப் பிருடைகள் வழுக்கும். மழைக்காலத்தில் உப்பி இறுகும். வழுக்கினால் சுண்ணக்கட்டித் தூளும், இறுகினால் துளி காய்ந்த சோப்பும் பிருடையில் தடவுவது பழைய கைவைத்தியம். வீணையை நண்பகல் வெயிலில் பூட்டிய காருக்குள் விடவே கூடாது. கம்பிக்கு ஒன்றும் ஆகாது; மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகி, மெட்டுகள் சாய்ந்துவிடும். நெடுநாள் வாசிக்காமல் வைப்பதானால் சுருதியைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம், முழுதாகத் தளர்த்திவிடக் கூடாது.

கம்பி வாங்க வழி என்ன? பினாங்கு, கோலாலம்பூர் இந்திய இசைக்கருவிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். சென்னைக்குப் போகும் உறவினரிடம் சொல்லிவிடலாம். சொல்லிவிடும்போது "வீணைக் கம்பி" என்று மட்டும் சொன்னால் எதாவது ஒன்று வந்து சேரும். பழைய கம்பியில் பிருடையோரத்துத் தேயாத பகுதியை ஒரு பட்டறையில் மைக்ரோமீட்டரால் அளந்து, மில்லிமீட்டர் கணக்கையும், நீளத்தையும், வாசிக்கும் கட்டையையும் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். அதே கணக்கை மாற்றிய தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வீணைப் பெட்டிக்குள் போட்டு வைத்தால், அடுத்த முறை உறையைப் பிரிக்கிறவர் புதிதாக எதையும் ஊகிக்க வேண்டியிருக்காது.