பேச்சுவார்த்தைக்கு முன் ஒரு கணக்கு

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடை. முதல் நடை முடித்து இறங்கிய இளம் கண்டக்டர் கேட்டார்: "சந்தா கட்டுறேன், வாயிற்கூட்டத்துல நிக்கிறேன். பேச்சுவார்த்தை நடக்குறது மெட்ராஸ்ல. அதுல எனக்கு என்னண்ணே வேலை?"

இருக்கிறது தம்பி. முதலில் உன் சம்பளச் சீட்டை எடு.

அரசு ஊழியருக்கு ஊதியக் குழு. போக்குவரத்துக் கழகத் தொழிலாளிக்கு ஊதிய ஒப்பந்தம். நிர்வாகமும் சங்கங்களும் பேசி முடித்து, 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில் கையெழுத்துப் போடுவதுதான் இத்தனை காலமும் வழக்கம். சமரச அதிகாரி முன்னிலையில் போட்ட அந்தக் கையெழுத்து, போட்ட சங்கத்தில் இல்லாதவரையும் சேர்த்தே கட்டும். 'எனக்கென்ன' என்று ஒதுங்க வழியில்லை.

2018 ஜனவரியை எடுத்துக்கொள். 13-வது ஒப்பந்தம். சங்கங்கள் 2.57 காரணி கேட்டன, அரசு 2.44-ல் நின்றது. சில சங்கங்கள் கையெழுத்திட்டன. தொ.மு.ச., சி.ஐ.டி.யு. உள்ளிட்டவை மறுத்து 4-ஆம் தேதி மாலையே வேலைநிறுத்தத்தில் இறங்கின.

"ரெண்டரை மடங்குன்னா நல்ல உயர்வுதானேண்ணே?"

அங்கேதான் பலரும் ஏமாந்தார்கள். ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் பழைய அடிப்படைச் சம்பளம் ஒன்று, அதன்மேல் ஏறியிருந்த பஞ்சப்படி 125 சதவீதம், ஆக 2.25 ஏற்கெனவே கையில் வாங்கிக்கொண்டிருந்த பணம். அதற்கு மேலே இருப்பதுதான் உயர்வு. அதே அளவுகோலைப் பிடித்துப் பார். பழைய அடிப்படை 10,000 ரூபாய் என்றால் பஞ்சப்படியோடு 22,500. 2.44-ல் பெருக்கினால் 24,400; உயர்வு 1,900. 2.57 என்றால் 25,700, உயர்வு 3,200. மாதம் 1,300 ரூபாய் வித்தியாசம். இனி வரும் பஞ்சப்படி, இன்கிரிமென்ட், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் இந்த அடிப்படையின் மேல்தான் ஏறும் என்பதால், அந்த 1,300 ஓய்வு பெறும் நாள் வரை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கு ஒவ்வொரு பணிமனையிலும் கரும்பலகையில் எழுதிப் போடப்பட வேண்டியது.

அடுத்த கணக்கு காலம். 13-வது ஒப்பந்தம் 2016 செப்டம்பர் முதல் மூன்று ஆண்டுக்கு. 2019 செப்டம்பரில் வர வேண்டிய 14-வது, 2022 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது: 5 சதவீதம், நான்கு ஆண்டு. 2023 செப்டம்பரில் வர வேண்டிய 15-வது, 2025 மே 29-ல் முடிந்தது: 6 சதவீதம், மறுபடியும் நான்கு ஆண்டு. நான்கு ஆண்டுக்கு 6 என்றால் ஆண்டுக்கு ஒன்றரை. மூன்று ஆண்டுக்கு 5 என்றால் அதைவிடச் சற்று அதிகம். எனவே 'எத்தனை சதவீதம்' என்று கேட்டதோடு நிற்காதே. எத்தனை வருசத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து, அரியர் எந்த மாதத்திலிருந்து என்று நாலும் கேள்.

"அதெல்லாம் தலைவர்களுக்குத் தெரியாதாண்ணே?"

தெரியும். ஆனால் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதுபோல இந்தப் பேரம் முடியக் கூடாது. கோரிக்கைப் பட்டியல் மேலே போகுமுன் கிளையில் ஒரு வெள்ளைத்தாள் சுற்றி வரட்டும். சம்பளம், பேட்டா, காலிப்பணியிடம், லீவு, ஓய்வு பெற்றோரின் பஞ்சப்படி: எது முதலில், எதில் இறங்கி வரலாம், எதில் கூடாது என்று டிரைவர், கண்டக்டர், டெக்னிக்கல் மூவரும் எழுதட்டும். நாற்பது கோரிக்கையை ஒரே எடையில் வைத்தால், எதை விட்டாலும் கேட்க ஆளிருக்காது என்று எதிர்த்தரப்புக்குப் புரிந்துவிடும். ஒவ்வொரு சுற்றுப் பேச்சு முடிந்ததும் மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கிளைச் செயலாளர் வாசலில் நின்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலையை வாட்ஸ்அப் வதந்தி செய்துவிடும்.

வேலைநிறுத்தத்தையும் முன்கூட்டியே வீட்டில் பேசு. 2018-ல் பொங்கலை முன்னால் வைத்துக்கொண்டு ஜனவரி 11 வரை நின்றார்கள். 2.44-க்கும் 2.57-க்கும் இடைப்பட்டதைத் தீர்க்க, ஓய்வு பெற்ற நீதிபதி இ.பத்மநாபனை உயர் நீதிமன்றம் மத்தியஸ்தராக நியமித்த பிறகே வண்டி ஓடியது. நம்முடையது மானாவாரி பூமி. மழை பொய்த்த வருசம் பல வீடுகளில் அடுப்பெரிவது இந்த ஒரு சம்பளத்தில். எத்தனை நாள் தாங்கும் என்று வீட்டுக்காரிக்குத்தான் சரியாகத் தெரியும். அந்தக் கணக்கு தெரியாமல் கை தூக்குகிறவன் மூன்றாம் நாள் டூட்டிக்குப் போய்விடுவான்.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பல சங்கங்கள் உள்ள இடத்தில், மஸ்டர் ரோலில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கமே பேசும். யாரிடமும் அது இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். ஒரே வாசலில் ஆறேழு கொடி பறக்கும் நம் பணிமனைகளுக்கு இது பெரிய மாற்றம். சந்தா ரசீது இனி வெறும் ரசீது இல்லை. பேச்சு மேசையில் நாற்காலி போடுகிற சீட்டு.

இப்போதைய ஒப்பந்தம் 2027 ஆகஸ்ட் 31 வரை. அது முடியும் அன்று கோரிக்கை எழுத உட்கார்ந்தால், போன இரண்டு முறை போல வருசக்கணக்கில் இழுக்கும். இந்த வாரம் ஓய்வறையில் பத்துப் பேரை உட்காரவைத்து, அவரவர் சம்பளச் சீட்டில் அடிப்படை எது, படி எது என்று பிரித்துக் காட்டு. மெட்ராஸில் பேசப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய பலம் வேறில்லை.