சர்வர் ஓடுது, ஆனா யாராலும் உள்ளே வர முடியலையா?

இந்த வார எபிசோடில் வீட்டிலேயே கேம் சர்வர் நடத்துவதைப் பற்றிப் பேசினோம். நேரம் இல்லாம வேகமா தாண்டிப்போன ஒரு விஷயத்தை இங்கே நிதானமா பார்ப்போம்: கனெக்‌ஷன் கிடைக்கலைன்னா எங்கே தேடறது? ஜெர்மனியில் பல வீடுகளில் இருக்கும் ஃப்ரிட்ஸ்பாக்ஸையும் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரையும் உதாரணமா வெச்சுக்கலாம்.

ஒரே விதிதான்: உள்ளேயிருந்து வெளியே போங்க. ஒரு படி சரியாகாம அடுத்த படியைத் தொடாதீங்க.

படி 1: அதே கணினி

சர்வர் ஓடுற கணினியிலேயே கேமைத் திறந்து, முகவரியில் லோக்கல்ஹோஸ்ட்னு கொடுங்க. நுழைய முடியலைன்னா ரவுட்டர் மேல தப்பில்லை. சர்வர் லாக்கைப் பாருங்க. கேமும் சர்வரும் ஒரே வெர்ஷனான்னு பாருங்க.

படி 2: வீட்டுக்குள்ள இன்னொரு கணினி

ஃப்ரிட்ஸ்பாக்ஸ் வழக்கமா 192.168.178 என்று தொடங்கும் முகவரிகளைத் தரும். அடுத்த அறையிலிருந்து சர்வரின் அந்த முகவரிக்குப் போக முடியலைன்னா மூணு பேர் மேல சந்தேகப்படலாம்.

ஒண்ணு, கெஸ்ட் வைஃபை. ஒரு கணினியின் முகவரி 192.168.179 என்று தொடங்கினா அது விருந்தினர் நெட்வொர்க்கில் இருக்கு. அங்கிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு வழி கிடையாது.

ரெண்டு, விண்டோஸ் ஃபயர்வால். சர்வர் முதல்முறை ஓடும்போது வரும் அனுமதிக் கேள்விக்கு 'கேன்சல்' அழுத்தியிருந்தா, ஜாவாவைத் தடுக்கும் விதி பதிவாகியிருக்கும். அதை நீக்குங்க. நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாத்துங்க.

மூணு, முகவரி மாறியிருக்கலாம். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு எப்பவும் ஒரே ஐபிவி4 முகவரி தரும்படி டிக் செய்யுங்க.

படி 3: வெளி உலகம்

'இன்டர்நெட்', அப்புறம் 'ஃப்ரைகாபன்' பக்கத்தில் டிசிபி 25565 போர்ட்டைத் திறங்க. போன்ல வைஃபையை அணைச்சு, அதை ஹாட்ஸ்பாட்டா வெச்சு இன்னொரு லேப்டாப்பில் சோதிங்க. இப்பவும் வரலையா? ஜெர்மனியில் பலர் மாட்டிக்கிற இடம் இதுதான்.

ஐரோப்பாவுக்கு முகவரிகளைப் பங்கிடும் ரைப் அமைப்பின் கையிருப்பில் இருந்த ஐபிவி4 முகவரிகள் 2019 நவம்பரில் தீர்ந்துபோச்சு. அதனால பல கேபிள், ஃபைபர் இணைப்புகளில் ஒரே ஐபிவி4 முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துக்குது. தெருவுக்கே ஒரு தபால் பெட்டி மாதிரி. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்குன்னு தெரியாது. ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை.

கண்டுபிடிக்கிறது சுலபம். 'ஆன்லைன் மானிட்டர்' பக்கத்தில் டிஎஸ்-லைட் என்று இருக்கா பாருங்க. அல்லது உங்க ஐபிவி4 முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குதா பாருங்க. இருந்தா மூணு வழி:

• ஐபிவி6. ஊரில் ஜியோ சிம் வெச்சிருக்கிற தம்பிக்கு இது பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். இதில் கொடுக்க வேண்டியது ரவுட்டரின் முகவரி இல்லை, சர்வர் கணினியின் சொந்த முகவரி. கேமில் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடணும்.
• டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன். எல்லாரும் நிறுவணும், ஆனா போர்ட்டே திறக்க வேண்டாம்.
• நிறுவனத்திடம் சொந்த ஐபிவி4 முகவரி கேட்பது. சிலர் தருவாங்க, சிலர் காசு கேட்பாங்க.

தலைகீழ் பிரச்சினையும் உண்டு: நண்பர்கள் வெளியிலிருந்து வர்றாங்க, வீட்டில் இருக்கிறவங்களால முடியலை. வெளி முகவரியை வீட்டுக்குள்ளிருந்தே கூப்பிட்டா சில ரவுட்டர்களுக்குத் திருப்பி அனுப்பத் தெரியாது. வீட்டுக்குள்ள படி 2-ல் சொன்ன முகவரியையே பயன்படுத்துங்க.

கடைசியா ஒண்ணு. கடுப்பில் 'எக்ஸ்போஸ்ட் ஹோஸ்ட்' டிக்கை மட்டும் போட்டுடாதீங்க. அந்தக் கணினியின் எல்லாப் போர்ட்டும் திறந்துடும். டிஎஸ்-லைட் இணைப்பில் ஐபிவி4 பக்கம் அதுவும் உதவாது. ஒரு போர்ட் போதும், கூடவே சர்வரில் வைட்லிஸ்டை ஆன் பண்ணுங்க.

எந்தப் படியில் நிக்கிறீங்கன்னு இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!